நான்காம் நரம்பு

நெமிலியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தப் பக்கத்தில் ஆட்டுத் தோல் என்னவாகும் என்று கேட்டால் சிறு பிள்ளையும் பதில் சொல்லும்: செருப்பு, கைப்பை, இடுப்பு வார். சரி, ஆட்டுக் குடல் என்னவாகும் என்று கேட்டுப் பாருங்கள். ‘குழம்பாகும்’ என்று சிரிப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பல நூற்றாண்டுகளாக உலகின் பல நாடுகளில் அந்தக் குடல் இசையாகவும் ஆகியிருக்கிறது. அது எப்படி, அதனால் இன்று ஒரு சின்னஞ்சிறு இசைக்கருவியின் நான்காவது நரம்பில் என்ன குழப்பம் நேர்ந்திருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் காண்போம்.

நெமிலியில் ஒரு மாணவர் உகுலேலே என்னும் கருவியை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்குக் குட்டிக் கிடார் போல இருக்கும், முழத்தைவிடச் சிறிது நீளம், நான்கே நரம்புகள். மாணவர் தம் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு நரம்பையும் மீட்டிப் பார்க்கிறார். முதல் நரம்பு வினாடிக்கு 440 அதிர்வுகள். இரண்டாவது 330. மூன்றாவது 262. நரம்புகள் முறையாக இறங்கி வருகின்றன. நான்காவது இன்னும் தாழ்வாக ஒலிக்கும் என்று எதிர்பார்த்து மீட்டுகிறார். அதுவோ 392 அதிர்வுகளுடன் மேலே ஏறி நிற்கிறது!

‘கடைக்காரர் தவறான நரம்பைக் கட்டிவிட்டார் போலும்’ என்று எண்ணி, முறுக்காணியைத் தளர்த்தி அந்த நரம்பைப் பாதியாக, அதாவது 196 அதிர்வுகளுக்கு இறக்குகிறார். நரம்பு தொய்ந்து, பலகையில் தட்டிச் சடசடக்கிறது. சுரம் எழவில்லை.

மாணவர் நினைத்தது தவறு. கடைக்காரர் கட்டியது சரியான நரம்புதான். ஆயினும் மாணவரின் ஆசையும் தவறில்லை. நான்காம் நரம்பை உயர்வாக வைப்பதா, தாழ்வாக வைப்பதா என்பது உகுலேலே வாசிப்போரிடையே நெடுங்காலமாக உள்ள கேள்வி. இதற்கு விடை காண நாம் இசையிலிருந்து சற்று விலகி, நரம்பு என்ற பொருளையே ஆராய வேண்டும்.

மூன்று விதிகள்

ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். மீன்பிடிக் கருவிகள் விற்கும் கடையில் தூண்டில் நரம்பு கிடைக்கும். 0.3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்றும் 0.6 மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்றும் வாங்குங்கள். ஒரு மேசையின் ஓரத்தில் இரண்டையும் ஆணியில் கட்டி, இரண்டு மரத் துண்டுகளின் மேல் அரை மீட்டர் தூரம் ஓடவிட்டு, மறு முனைகளை மேசைக்கு வெளியே தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி ஒன்றைக் கட்டுங்கள். இப்போது மீட்டினால் தடித்த நரம்பு மெல்லியதைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். தடித்த நரம்பில் மேலும் மூன்று புட்டிகளைச் சேர்த்து நான்காக்கினால், அது மெல்லிய நரம்பின் சுரத்துக்கு ஏறிவிடும்.

இந்த உறவை 1636-இல் வெளியான தம் நூலில் எழுதி வைத்தவர் பிரெஞ்சு நாட்டுத் துறவியும் கணித அறிஞருமான மரேன் மெர்சன். அவர் கூறிய விதிகள் மூன்று. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு மீட்டர் நரம்பின் எடையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். ஒரே பொருளில் தடிப்பை இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும் அல்லவா? ஆகவேதான் இரு மடங்கு தடித்த நரம்பு ஒரு ஸ்தாயி இறங்கியது.

நம் மாணவரின் நரம்பு ஏன் தொய்ந்தது என்பது இப்போது விளங்கும். நீளத்தையும் எடையையும் மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்க முயன்றார். அதனால் இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த இழுவிசை குறையாமல் 196 அதிர்வுகள் வேண்டுமானால் நரம்பு இரு மடங்கு தடிப்பாக இருந்தாக வேண்டும். சிறிய உகுலேலேயின் நான்காம் நைலான் நரம்பு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதைத் தாழ்த்த வேண்டுமானால் 1.3 மில்லிமீட்டர் நரம்பைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

குடல் நரம்பின் இரு எல்லைகள்

நைலான் வருவதற்கு முன் உகுலேலே, கிடார், வயலின் ஆகிய கருவிகளில் கட்டியது பெரும்பாலும் ஆட்டுக் குடலில் செய்த நரம்பையே. சிறுகுடலை எடுத்துக் கழுவி, மேலுள்ள கொழுப்பையும் சதையையும் வழித்து நீக்குவார்கள். காரநீரில் ஊறவைத்து, வார்களாகக் கீறி, ஈரமாக இருக்கும்போதே முறுக்குவார்கள். இழுத்துக் கட்டி உலர்த்தி, மெருகிட்டால் நரம்பு. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை வழித்து, இழுத்துக் காயவைக்கும் தோல் வேலையைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒன்று விரிந்து பரந்தால் தோல். மற்றது முறுகி நீண்டால் நரம்பு.

இந்த நரம்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று மேல் எல்லை. ஒரு நரம்பை முறுக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு சுரத்தில் அது அறுந்துவிடும். தடித்த நரம்பானால் இன்னும் மேலே போகலாமே என்று தோன்றும். முடியாது. இரு மடங்கு தடித்த நரம்பு நான்கு மடங்கு இழுவிசையைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதே சுரத்தை எழுப்ப அதற்கு நான்கு மடங்கு இழுவிசை தேவையும்படுகிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. எனவே அறுபடும் சுரத்தைத் தடிப்பு முடிவு செய்வதில்லை. நீளமும், எந்தப் பொருளால் ஆனது என்பதுமே முடிவு செய்கின்றன.

மற்றது கீழ் எல்லை. தாழ்ந்த சுரத்துக்குத் தடிப்பு வேண்டும். தடிப்பு கூடக் கூட நரம்பு, நூலின் இயல்பை இழந்து குச்சியின் இயல்பைப் பெறுகிறது. வளைய மறுக்கிறது. நல்ல நரம்பு அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களையும் சேர்த்து ஒலிக்கும். இந்த மேற்சுரங்களே ஒலிக்கு இனிமை தருபவை. விறைத்த நரம்பிலோ மேற்சுரங்கள் கணக்கிலிருந்து விலகி ஒலிக்கும். விரைவில் அடங்கியும் விடும். கேட்பவருக்கு ‘டொக்’ என்ற மழுங்கிய ஓசையே மிஞ்சும். கருவி குட்டையாக இருந்தால் தொல்லை இன்னும் மிகும்.

ஆக, குடல் நரம்பைக் கொண்டு ஒரே கருவியில் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் வேண்டும் என்பவர் ஏதாவது ஒரு வழி கண்டாக வேண்டும். உலகில் மூன்று வழிகள் காணப்பட்டன. முதல் வழி நமக்கு நெருக்கமானது.

யாழ் கண்ட வழி

பழந்தமிழரின் யாழ் வில்லில் பிறந்த கருவி என்பர். வளைந்த கோட்டிலிருந்து பத்தலுக்கு நரம்புகள் சாய்வாக இறங்கும். ஒவ்வொரு நரம்பின் நீளமும் வேறு வேறு. குறுகிய நரம்பு உயர்ந்த சுரம். நீண்ட நரம்பு தாழ்ந்த சுரம். நீளமே வேலையைச் செய்துவிடுவதால் எந்த நரம்பையும் அளவுக்கு மீறித் தடிக்க வைக்க வேண்டியதில்லை. இன்னும் தாழ்ந்த சுரங்கள் வேண்டுமா? கோட்டை நீட்ட வேண்டும், யாழ் பெரிதாகும். 21 நரம்புகள் கொண்ட பேரியாழ் ஒருபுறம், கையில் எடுத்துச் செல்லும் சீறியாழ் மறுபுறம் என இரண்டும் தமிழகத்தில் வழங்கின. சிறிய யாழை வாசித்தோர் சிறுபாணர், பெரிய யாழை வாசித்தோர் பெரும்பாணர் என்று உரையாசிரியர் வழியில் விளக்கம் சொல்வதுண்டு. சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்ற பெயர்களில் இந்தப் பகுப்பைக் காணலாம். உயர்வா தாழ்வா என்னும் நம் கேள்வி, அன்று மரத்தின் அளவிலேயே முடிவாகிவிட்டது.

பொருநராற்றுப்படை யாழின் பத்தலைப் போர்த்திய தோலை ஒரு சூலுற்ற பெண்ணின் வயிற்றுக்கு ஒப்பிடுகிறது. தையல் போட்டு மூடிய அந்தத் தோலை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் புலவர். மேலே தோல், அதன்மேல் நரம்பு. நரம்பு என்ற சொல்லே அது உயிருள்ள உடலிலிருந்து வந்த பொருள் என்பதைக் காட்டவில்லையா? அந்தச் சொல் பின்பு சுரத்துக்கே பெயராயிற்று. ஏழு சுரங்களை ஏழு நரம்பு என்றே நம் முன்னோர் வழங்கினர்.

நரம்பின் தரத்தையும் அவர்கள் நுட்பமாக அறிந்திருந்தனர். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்புக்கு நான்கு குற்றங்கள் கூறப்படுகின்றன. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப் போட்டிக்கு வரும் சீவகன், கொடுத்த யாழை உடனே வாசித்துவிடுவதில்லை. மரத்தின் குற்றத்தையும் நரம்பின் குற்றத்தையும் எடுத்துக் காட்டி ஒதுக்குகிறான். நரம்புக்குள் மயிர் கலந்திருப்பதையும் கண்டுபிடிக்கிறான். முறுக்கு சீராக இல்லாவிட்டாலும், இடையே வேற்றுப் பொருள் கலந்தாலும் நரம்பின் எடை ஒரே சீராக இராது. எடை சீராக இல்லாவிட்டால் மேற்சுரங்கள் பிசகும். இன்றைய இயற்பியல் சொல்லும் இந்த உண்மையை அன்று காது கண்டறிந்தது.

ஆனால் ஒரு யாழேனும் முழுமையாக நம் கைக்கு வந்து சேரவில்லை. மரம் மக்கியது, தோலும் நரம்பும் அதற்கும் முன்பே மறைந்தன. ஈழத்துக் காரைதீவில் 1892-இல் பிறந்து, அறிவியல் ஆசிரியராகவும் விளங்கிய விபுலாநந்த அடிகள், நூல்களில் கிடைத்த குறிப்புகளைக் கணிதத்தோடு பொருத்தி யாழின் வடிவத்தையும் சுரங்களையும் மீட்டெடுக்க நீண்ட காலம் உழைத்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

வீணையும் தம்புராவும் கண்ட வழி

யாழுக்குப் பின் செல்வாக்குப் பெற்ற வீணையில் நரம்புகள் எல்லாம் ஒரு தண்டியின் மேல் பக்கத்தில் பக்கமாக ஓடுகின்றன. வாசிக்கும் நரம்புகள் நான்குக்கும் நீளம் ஏறத்தாழ ஒன்றே. நீளம் கைகொடுக்காத இடத்தில் எடையைத்தான் மாற்ற வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இன்றைய அமைப்பைப் பெற்றதாகக் கூறப்படும் தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். சாரணி ஸ, பஞ்சமம் அதற்குக் கீழுள்ள ப, மந்தரம் அதற்கும் கீழுள்ள ஸ, அனுமந்தரம் இன்னும் கீழே மற்றொரு ப. சாரணி 8 முறை அதிரும் நேரத்தில் அனுமந்தரம் 3 முறைதான் அதிர்கிறது. இழுவிசை ஒன்றாக இருக்க வேண்டுமானால் அனுமந்தரத்தின் எடை சாரணியைப் போல ஏழு மடங்கு இருக்க வேண்டும்.

குடலில் இது நடவாத காரியம். உலோகம் இதைச் சாதித்தது. சாரணிக்கு மெல்லிய எஃகு; மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் தடித்த பித்தளை, அல்லது எஃகின் மேல் வேறொரு மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிய தந்தி. சுற்றுக் கம்பியில் ஒரு தந்திரம் அடங்கியிருக்கிறது. உள்ளேயுள்ள மெல்லிய கம்பி இழுவிசையைத் தாங்கி, எளிதாக வளைகிறது. வெளிச்சுற்று எடையை மட்டும் சேர்க்கிறது, விறைப்பைச் சேர்ப்பதில்லை. ஐரோப்பியரும் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடல் நரம்பின் மேல் உலோகக் கம்பியைச் சுற்றி இதே பயனைப் பெற்றனர்.

வீணையின் பக்கவாட்டில் தாளத்துக்காக உள்ள மூன்று தந்திகளைக் கவனித்திருப்பீர்கள். அவை குறுகியவை, உயர்ந்து ஒலிப்பவை. தாழ்ந்த அனுமந்தரத்தின் பக்கத்தில் இல்லாமல், சாரணியின் பக்கமாக அமைந்து மேல் ஸ்தாயி ஸ வரை செல்கின்றன. தம்புராவிலும் பாருங்கள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று மீட்டும்போது ஒலி முதலில் நடுவில் தொடங்கி, மேலே ஏறி, அங்கேயே ஒரு முறை நின்று, கடைசியில் கீழே இறங்குகிறது. நரம்புகள் படிக்கட்டு போல வரிசையாகத்தான் இறங்க வேண்டும் என்று நம் காது என்றும் கட்டளையிட்டதில்லை.

தாழ்ந்த தந்தி மழுங்காமல் ஒலிக்க நம் கைவினைஞர் இன்னொரு வழியும் கண்டனர். வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை கத்தி முனை போல் இராமல் அகன்று, மெல்ல வளைந்திருக்கும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவா என்னும் நூலையும் செருகுவர். அதிரும் தந்தி அந்த வளைவில் உரசி உரசி எழுவதால் மேற்சுரங்கள் மலர்கின்றன. கல்கத்தாவில் ஆராய்ந்துகொண்டிருந்த சி. வி. ராமன், 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார். நரம்பை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் எழ மாட்டா என்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. நம் தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படாமல் அந்த மேற்சுரங்களையும் எழுப்புகின்றன என்றார் அவர்.

கப்பலில் வந்த வழி

மூன்றாவது வழி விந்தையானது. தாழ்ந்த நரம்பு நன்றாக ஒலிக்கவில்லையா? அதை விட்டுவிட்டு, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக் கட்டிவிடுவது! இதற்கு மீள்வரிசைச் சுருதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இறங்கி வந்த வரிசை கடைசியில் மீண்டும் மேலே ஏறுவதால் அந்தப் பெயர் பொருந்தும்.

ஐரோப்பாவில் ஐந்து இணை நரம்புகள் கொண்ட பழைய கிடாரில் இது வழக்கத்தில் இருந்தது. 1674-இல் கிடார் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்ட ஸ்பெயின் நாட்டு இசைஞர் காஸ்பர் சான்ஸ், நம் மாணவரின் கேள்விக்கே விடை எழுதி வைத்திருக்கிறார். உரத்து மீட்டிப் பக்கவாத்தியமாக வாசிப்பவர் தாழ்ந்த நரம்பைக் கட்டுக. ஒவ்வொரு சுரமாக நயத்தோடு மீட்டுபவர் அதை நீக்கி மெல்லிய நரம்பையே கட்டுக என்பது அவர் கருத்து. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வெவ்வேறு நரம்புகளில் அமைவதால் ஒன்று அடங்கும் முன் அடுத்தது எழும்; சிறு மணிகள் தொடர்ந்து ஒலிப்பது போலிருக்கும்.

இந்த வழக்கம் அட்லாண்டிக் கடலில் போர்ச்சுக்கீசியருக்கு உரிய மதீரா தீவில் ராஜான் என்ற ஐந்து நரம்புக் கருவியில் தங்கியது. அதே தீவில் மஷேட் என்ற சிறிய நான்கு நரம்புக் கருவியும் இருந்தது. 1879 ஆகஸ்ட் 23 அன்று ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தமான மதீரா மக்கள் நானூறுக்கு மேற்பட்டோரைச் சுமந்து பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரும்புக்காகக் கடல் கடந்தவர்களின் கதை தமிழர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று மரத் தச்சர்கள் இருந்தனர். தோட்ட வேலை முடிந்தபின் அவர்கள் ஊருக்கு வந்து கருவி செய்யத் தொடங்கினர். மஷேட்டின் சிறிய உடலில் ராஜானின் மேல் நான்கு நரம்புகளின் சுருதியை ஏற்றினர். நம் கருவேலத்துக்கு உறவான கோவா மரத்தில் செய்த அந்தக் கருவியை ஹவாய் மன்னர் கலாகவுவா விரும்பி ஆதரித்தார். ‘துள்ளும் தெள்ளு’ என்று பொருள் சொல்லப்படும் உகுலேலே என்ற பெயர் நிலைத்தது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா எங்கும் பரவியது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். நரம்பின் நீளம் வெறும் 35 சென்டிமீட்டர். கட்டுவது குடல் நரம்பு. இதில் 196 அதிர்வுகளைக் கேட்டால் மழுங்கிய ஓசைதான் வரும். 392 என்றால் கணீரென்று ஒலிக்கும். ஆகவே நான்காம் நரம்பு மேலே ஏறியதில் வியப்பில்லை. அது பிழையன்று, பொருளின் இயல்போடு செய்துகொண்ட உடன்பாடு.

கட்டாயம் நீங்கியது

இரண்டாம் உலகப் போரின்போது குடல் நரம்புக்குப் பஞ்சம் வந்தது. காயம்பட்ட வீரர்களின் உடலைத் தைக்கும் நூலும் அதே குடலிலிருந்துதான் செய்யப்பட்டது. இசைக்கு மிச்சமில்லை. அப்போது புதிதாக வந்திருந்த நைலான் இழை பக்கம் கைவினைஞர் பார்வை திரும்பியது. 1940-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் கிடார் நரம்பு செய்தார். கிடார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். அதன்பின் குடல் மெல்ல விடைபெற்றது.

நைலான் குடலைவிடச் சற்று இலேசானது. எனவே தாழ்ந்த சுரத்துக்கு அதைத் தனியே நம்ப முடியாது. ஆனால் நைலான் இழைக் கற்றையின் மேல் உலோகக் கம்பியைச் சுற்ற முடிந்தது. பிறகு மீன்பிடி நரம்புக்கென வந்த ஃபுளோரோகார்பன் என்ற பொருள் உதவியது. அதன் அடர்த்தி நைலானைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். நைலானில் 1.3 மில்லிமீட்டர் தேவைப்படும் இடத்தில் இதில் ஒரு மில்லிமீட்டரே போதும். கருவிகளும் நீண்டன. சிறியதில் 35 சென்டிமீட்டராக இருந்த நரம்பு நீளம், டெனர் வகையில் 43 சென்டிமீட்டர் ஆயிற்று. நான்கு நரம்பும் வரிசையாக இறங்கும் பாரிட்டோன் வகையும் 1940-களின் இறுதியில் வந்தது.

இவ்வாறு, கட்டாயமாக இருந்தது விருப்பமாக மாறியது. தாழ்ந்த நரம்பைக் கட்ட முடியும் என்ற நிலை வந்தது. அப்படியானால் எல்லோரும் உடனே மாறிவிட்டார்களா? இல்லை. இன்றும் பெரும்பாலான உகுலேலேக்கள் உயர்ந்த நான்காம் நரம்போடுதான் கடைக்கு வருகின்றன. குடல் போய்விட்டது; குடல் பழக்கிய காது போகவில்லை.

தமிழகத்திலும் இப்படி ஒரு தேர்வு நடந்தது. மாண்டலினில் எட்டு நரம்புகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். கர்நாடக இசைக்குக் கமகம் உயிர். இணை நரம்புகளை ஒன்றுபோல வளைத்துக் கமகம் எழுப்புவது கடினம். 1980-களில் சென்னை மேடைகளில் சிறுவனாக வந்து வியக்க வைத்த யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014), அந்த எட்டைக் களைந்து ஐந்து ஒற்றை நரம்புகளை மின் மாண்டலினில் கட்டினார். ஸ, ப என்று நம் முறைப்படி சுருதி சேர்த்தார். ஸ்தாயியின் வீச்சும் கூடியது, கமகமும் கிடைத்தது. கருவி வந்தபடியே வாசிக்க வேண்டும் என்ற சட்டமில்லை என்பதற்கு அவர் சான்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நெமிலி மாணவர் பொறுமையிழந்திருப்பார். அவருக்கு நேரடியாக விடை சொல்லிவிடுவோம்.

உயர்ந்த நான்காம் நரம்பில் நான்கு நரம்புகளும் ஒரே ஸ்தாயிக்குள், 262-க்கும் 440-க்கும் இடையே நெருங்கி அமர்ந்திருக்கின்றன. சேர்த்து மீட்டினால் ஒலி திரண்டு, பளிச்சென்று எழும். பாடிக்கொண்டே கூட மீட்டுபவருக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் கருவியின் கடைசித் தாழ்ந்த சுரம் 262-இல் நின்றுவிடும். தாழ்ந்த நரம்பில் அந்த எல்லை 196-க்கு இறங்கும். பாட்டின் மெட்டைச் சுரம் சுரமாக வாசிப்பவருக்கு இடம் கிடைக்கும். மீட்டும் ஒலி அதற்கேற்பக் கனக்கும்.

நம் பாட்டுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. 262 அதிர்வுகளை, அதாவது 1 கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டால், உயர்ந்த நரம்புக் கருவியில் ஸ-வுக்குக் கீழே ஒரு சுரமும் இல்லை. நம் கீர்த்தனைகளும் திரைப்பாடல்களும் மந்தர ஸ்தாயி ப வரை அடிக்கடி இறங்குபவை. ஸ-வுக்குக் கீழே நி, த, ப இல்லாமல் ஒரு பல்லவியைக்கூட முடிப்பது அரிது. தாழ்ந்த நரம்பைக் கட்டினால் 196 என்பது சரியாக மந்தர ப-வாக வந்து நிற்கும்.

நரம்பை மாற்ற விருப்பமில்லையா? அதற்கும் வழியுண்டு. ஸ-வை 4 கட்டைக்கு, 349 அதிர்வுகளுக்கு மாற்றுங்கள். இரண்டாம் நரம்பின் முதல் கட்டத்தில் அது கிடைக்கும். அப்போது மூன்றாம் நரம்பின் திறந்த சுரமே மந்தர ப ஆகிவிடும். மேல் ஸ, முதல் நரம்பின் எட்டாம் கட்டத்தில் இருக்கும். யாழ் கோட்டை நீட்டியது; வீணை கம்பியை மாற்றியது; நீங்கள் ஸ-வை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவே.

தாழ்ந்த நரம்பையே கட்டுவதானால் இரண்டு எச்சரிக்கைகள். அதற்கென விற்கும் சுற்று நரம்பையோ ஃபுளோரோகார்பன் நரம்பையோ வாங்குங்கள். இருக்கும் நரம்பைத் தளர்த்தாதீர்கள். எஃகுக் கம்பியைக் கட்டவே கட்டாதீர்கள்; அதன் இழுவிசை அந்த மெல்லிய பலகையைப் பெயர்த்துவிடும். நரம்பு அமரும் காடி குறுகலாக இருந்தால் சிறிது அகலப்படுத்த வேண்டியிருக்கும். பழகிய கையிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

சொல் திரும்பி வந்தது

யாழில் இருந்தவரை அது நரம்பு. வீணைக்கு வந்தபோது தந்தி என்றும் கம்பி என்றும் பெயர் மாறியது. பொருள் மாறியதால் சொல்லும் மாறியது. நரம்பு என்ற சொல் இசையைவிட்டு ஒதுங்கி, எங்கோ தூண்டிலில் போய் ஒட்டிக்கொண்டது. இன்று அந்தத் தூண்டில் நரம்பே உகுலேலேயில் ஏறி இசைக்குத் திரும்பியிருக்கிறது.

பாணரையும் அவர் யாழையும் பாடிய நம் இலக்கியம், அந்த நரம்பைத் திரித்தவர் பெயரைச் சொல்லவில்லை. பத்தலுக்குத் தோல் தைத்தவர் பெயரும் தெரியாது. குடலை எவ்வளவு வழிக்க வேண்டும், எத்தனை முறுக்குப் போட வேண்டும், எந்தத் தடிப்பில் ஒலி செத்துவிடும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்த அறிவு. அந்த அறிவு எழுத்தில் ஏறவில்லை. கருவி மறைந்தபோது அதுவும் உடன் மறைந்தது. பின்னால் வந்த ஒருவர் அதைக் கணிதத்தால் தேடி எடுக்க நீண்ட காலம் உழைக்க நேர்ந்தது.

எனவே, அடுத்த முறை ஒரு கருவியில் ஏதேனும் ஒன்று முறைமாறி இருப்பதாகத் தோன்றினால், உடனே முறுக்காணியைத் திருகாதீர்கள். அதைக் கட்டியவர் கையில் அன்று என்ன பொருள் இருந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதன்பின் உங்கள் காதுக்குப் பிடித்ததைக் கட்டுங்கள். உயர்ந்த நரம்பானாலும் தாழ்ந்த நரம்பானாலும், அது உங்கள் தேர்வாக இருக்கும்; அவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.